தமக்கெனத் தாமே முடிவு செய்ய இயலாதோர்



உத்தியோகத்தின் பொருட்டோ வாணிகத்தின் பொருட்டோ தமிழகத்தை விட்டு வந்து, டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிற நகரங்களிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் அடிக்கடி எழுகின்ற ஒரு கேள்வியைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம். முதலில் மகன் வந்தான். பின்னர் மருமகள் வந்தாள். பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்ந்தனர். ஊரில் தகப்பனார் காலமானதும், வயதான தாயார் தனியே இருத்தல் கூடாதென்று அவரையும் அழைத்து வந்தாயிற்று. நான்கைந்து ஆண்டுகள் கழிகின்றன. அம்மையார் அடுப்பை அணைக்க மறக்கிறார். மாத்திரையை இருமுறை விழுங்குகிறார். பேரனைத் தம் தம்பியென்று எண்ணி அழைக்கிறார். அவருக்கு இடுப்பு எலும்பில் முறிவு கண்டால் அறுவைச் சிகிச்சை செய்வதா, வேண்டாமா? ஊரிலுள்ள வீட்டை விற்பதா, வைத்திருப்பதா? அவரை வீட்டிலேயே வைத்துக் காப்பதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா? இவற்றைத் தீர்மானிப்பவர் யார்? எந்த உரிமையால் அவர் தீர்மானிக்கிறார்?

இக்கேள்வி முதியோரைப் பற்றியது மட்டுமன்று. பக்கவாதத்தால் பேச்சும் நினைவும் குன்றியவர், சாலை விபத்தில் தலையில் அடிபட்டு உணர்வற்றுக் கிடப்பவர், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைந்து இன்று முப்பது வயதை எட்டிய மகன், கடுமையான மனநோயின் பிடியிலுள்ள சகோதரி ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். இவர்கள் எல்லோரும் வயது வந்தவர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். குழந்தைக்காகத் தாய் தந்தையர் முடிவு செய்யலாம். பதினெட்டு வயது நிறைந்துவிட்டால், ஒருவருடைய உடலின் மீதும் உடைமையின் மீதும் அவரைத் தவிர வேறெவருக்கும் இயல்பான அதிகாரம் இல்லை. கணவனுக்கும் இல்லை, மூத்த மகனுக்கும் இல்லை.

"நான் பெற்ற பிள்ளை, நான் கையெழுத்திடக் கூடாதா?" என்று கேட்கத் தோன்றும். டில்லியில் நிகழ்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறிற்று. பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்டிருந்த ஒரு பெண்மணிக்கு, வெளியே காத்திருந்த தாயாரின் சம்மதத்தைப் பெற்றுக் கொண்டு பெரிய அறுவைச் சிகிச்சையொன்றைச் செய்துவிட்டனர். அப்பெண்மணி நாற்பது வயது கடந்தவர். மயக்கம் தெளிந்தால் தாமே முடிவு கூறக்கூடியவர். உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை. ஆகவே தாயாரின் சம்மதம் சம்மதமாகாது என்று நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு மணி நேரம் பொறுத்திருந்தால் நோயாளியே பதில் சொல்லியிருப்பார் என்பதே அதன் உட்கருத்து.

ஆதலால் பிறர்க்காக முடிவு செய்யப் புகுமுன், அவரால் உண்மையிலேயே முடிவு செய்ய இயலாதா என்று பார்ப்பதே முதற்காரியம். இதைப் பெரும்பாலான குடும்பங்கள் செய்வதில்லை. ஒருமுறை மறதி நோய் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்துவிட்டால், அன்று முதல் அவரைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இன்று என்ன சமைக்கலாம் என்றுகூட எவரும் வினவுவதில்லை.

நம் நாட்டில் 1912-ஆம் ஆண்டு முதல் வழக்கிலிருந்த சட்டத்தின் பெயரே 'பைத்தியச் சட்டம்' என்னும் பொருள்பட அமைந்திருந்தது. ஒருவர் மீது அந்த முத்திரை விழுந்துவிட்டால் எல்லாக் காரியங்களிலும் அவர் திறனற்றவரே என்பது பழைய எண்ணம். அதன் இடத்தில் 1987-இல் ஒரு சட்டம் வந்தது. அதையும் நீக்கிவிட்டு 2017-ஆம் ஆண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின் நோக்கு முற்றிலும் வேறு. மனநோய் உள்ளவர் உட்பட ஒவ்வொருவரும் தம் சிகிச்சையைப் பற்றி முடிவு செய்யும் திறன் உடையவர் என்றே முதலில் கொள்ள வேண்டும் என்பது அதன் நான்காம் பிரிவு. செய்தியைப் புரிந்து கொள்ளுதல், அல்லது முடிவின் விளைவை உணர்தல், அல்லது தம் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறெவ்வகையாலோ தெரிவித்தல், இவையே திறனுக்கு அடையாளம். இம்மூன்றையும் 'அல்லது' என்ற சொல்லால் இணைத்திருப்பது மிகவும் தாராளமென்று வல்லுநர் சிலர் குறை கூறுவதுண்டு. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டம் சற்றுக் கண்டிப்பானது. அங்கே புரிந்து கொள்ளுதல், நினைவில் இருத்துதல், எடைபோடுதல், தெரிவித்தல் என்னும் நான்கில் ஒன்று இயலாவிடினும் அந்தக் குறிப்பிட்ட முடிவுக்குத் திறனில்லை என்று கொள்வர். எனினும் இரு சட்டங்களும் ஒரு கருத்தில் ஒன்றுபடுகின்றன. ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதனாலேயே அவருக்குத் திறனில்லை என்று சொல்லிவிட முடியாது.

இது சிறிய விஷயமன்று. எண்பது வயதான தகப்பனார் தம் ஓய்வூதியத்தில் பாதியைத் தம் ஊர்க் கோயில் திருப்பணிக்கு அனுப்புகிறார். பிள்ளைகளுக்கு இது பொறுக்கவில்லை. அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்கிறார்கள். ஆனால் அவர் ஐம்பது ஆண்டுகளாகவே அவ்வாறு அனுப்பி வருபவராயின், தடுமாற்றம் எங்கே இருக்கிறது? வேறொருவர் வாழ்நாளெல்லாம் ஒரு காசு வீணாக்காமல் இருந்துவிட்டு, தொலைபேசியில் அழைத்த முகந்தெரியாதவனுக்குச் சேமிப்பு முழுவதையும் அனுப்புகிறார் என்றால், அங்கே நாம் விசாரிக்கத்தான் வேண்டும். ஒரு முடிவு அந்த மனிதரின் வாழ்க்கையோடு பொருந்துகிறதா என்று பார்ப்பது, அது நமக்குப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதைவிட நல்ல அளவுகோல்.

திறன் என்பது எல்லாக் காரியங்களுக்கும் ஒரே அளவாக இருப்பதில்லை. வீட்டை விற்கும் பத்திரத்தின் ஷரத்துகளைப் புரிந்து கொள்ள இயலாதவர், தம்மோடு யார் இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். அஃது எல்லா வேளைகளிலும் ஒரே நிலையில் இருப்பதுமில்லை. மறதி நோயுடையோர் பலர் காலையில் தெளிவாகவும் பொழுது சாயும் நேரத்தில் கலக்கமுற்றும் காணப்படுவர். மாலை ஆறு மணிக்கு வக்கீலை அழைத்து வந்து கேட்டுவிட்டு, அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டுவது நியாயமாகாது. மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அணிவிக்காமல் கேட்பதும் அவ்வாறே.

இவையனைத்தையும் விட, வெளி மாநிலத் தமிழர்களாகிய நமக்கு மிகமிக முக்கியமானது மொழி. பின்னாளில் கற்ற மொழிகள் முதலில் நழுவுவதும், தாய்மொழி கடைசி வரை தங்கி நிற்பதும் மறதி நோயில் பலரிடம் காணப்படுகின்றன. முப்பது ஆண்டுகள் டில்லி அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசியவர், இன்று தமிழைத் தவிர மற்றதற்கு விழிக்கிறார். ஊரிலிருந்து நேரே வந்த மூதாட்டியின் நிலையைக் கூறவே வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் ஓர் இளம் வைத்தியர் வந்து இந்தியில் கேட்கிறார்: இது என்ன மாதம்? அம்மையார் சற்று யோசித்து, "ஐப்பசி" என்கிறார். வைத்தியர் தாளில் பிழையென்று குறித்துக் கொள்கிறார். இந்த நாட்டின் பிரதமர் யார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக் கொண்டே போக முடியுமா என்று கேள்விகள் தொடர்கின்றன. பள்ளிக்கூடமே கண்டறியாத அம்மையார் கழித்தலில் தோற்கிறார். ஆனால் அவரையே தமிழில், "அம்மா, கால் எலும்பு முறிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தால் நடக்கலாம், ஆனால் சிறிது ஆபத்தும் உண்டு, செய்யாவிட்டால் படுக்கையிலேயே இருக்க நேரும், உங்களுக்கு எது சம்மதம்?" என்று நிதானமாகக் கேட்டால், "படுக்கையிலே கிடந்து யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன், அறுத்தாலும் சரி" என்று விடை வரக்கூடும். முப்பது மதிப்பெண் தேர்வில் பத்து வாங்கியவரும் இந்த ஒரு முடிவுக்குத் திறனுடையவராக இருக்கலாம். அத்தேர்வு நோயின் அளவைக் காட்டுவது. உரிமையின் அளவைக் காட்டுவதன்று.

நோயாளி புரிந்து கொள்ளும் எளிய மொழியிலோ, சைகையிலோ, படங்கள் மூலமோ செய்தியைத் தெரிவித்த பின்னரே திறனைப் பற்றிப் பேச வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டமே விதிக்கிறது. ஆகவே தமிழறிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள் என்று வைத்தியரிடம் கோருவது சலுகை வேண்டுதல் ஆகாது. கூடுமானவரை மொழிபெயர்ப்பவர் அம்முடிவினால் ஆதாயமோ நஷ்டமோ அடையாதவராக இருத்தல் நலம். வீட்டை விற்க ஆவலுள்ள மகனே மொழிபெயர்த்தால், தாயாரின் தயக்கம் மொழிபெயர்ப்பில் காணாமற் போய்விடலாம். பெரிய நகரத்து ஆஸ்பத்திரிகளில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவர் தேடினால் அநேகமாகக் கிடைப்பார். இல்லையேல் அடுத்த தெருவிலுள்ள தமிழ்க் குடும்பத்தை அழைக்கலாம்.

இவ்வளவும் செய்த பின்னரும் அவரால் இயலவில்லை என்று தெரிந்தால், அப்போது பிறர் முடிவு செய்யத்தான் வேண்டும். அப்படிச் செய்யும்போது அவருடைய நலனையே கருத வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த 'நலன்' என்னும் சொல்லில்தான் இடர்ப்பாடு இருக்கிறது. நலன் என்ற பெயரால் மனிதரை அறையில் பூட்டியதுண்டு; நலன் என்ற பெயரால் நிலத்தை எழுதி வாங்கியதும் உண்டு. இக்காரணத்தாலேயே 2006-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கை, வயது வந்த மாற்றுத் திறனாளிகளைப் பொறுத்தவரை அவர்களுடைய விருப்பத்திற்கும் தேர்வுக்கும் முதலிடம் தந்தது. இந்தியா 2007-இல் அதை ஏற்றுக் கொண்டது. நலனா, விருப்பமா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். குடும்பத்தில் உள்ளவர்களுக்கு அவ்வாதத்தைவிட வேறொன்று பயன்படும் என்பது நம் கருத்து. ஒருவருடைய விருப்பத்தை அறியாமல் அவருடைய நலனை அறிந்துவிட முடியாது.

ஒரு சாதாரண நிகழ்ச்சியை எடுத்துக் கொள்வோம். மறதி நோய் கண்ட பல முதியோர், மாலை வேளையில் கதவருகே வந்து நின்று, "வீட்டுக்குப் போகணும்" என்பர். இதுதானே வீடு என்று மருமகள் சொல்கிறாள். இல்லை, இது யாருடைய வீடோ என்கிறார் மாமியார். நாள்தோறும் இது நடக்கிறது. களைத்துப்போன குடும்பத்தினர் வெளிக்கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போடுகிறார்கள். இது நோயின் பேச்சு என்று தள்ளிவிடுவது எளிது. அவருக்குத் திறனில்லை, ஆகவே அவர் பேச்சுக்குப் பொருளில்லை என்பதும் எளிது. ஆனால் அந்தச் சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? அவர் தேடுவது மண்ணும் சுவருமான வீட்டையா? ஐந்தாம் மாடியிலிருந்து கீழே இறங்கித் தரையில் நடப்பதையா? வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரோடு நாலு வார்த்தை தமிழில் பேசுவதையா? அல்லது என்றோ இறந்துபோன தாயாரையா? விடைக்கேற்ப வழியும் மாறும். மாலையில் அரை மணி நேரம் கைபிடித்து நடத்தி வருவதால் அடங்கும் தவிப்புக்குப் பூட்டு எதற்கு? வாரம் ஒருமுறை தமிழ் பேசும் மூதாட்டியர் கூடும் பஜனைக்கு அழைத்துச் சென்றால் மாறும் முகத்துக்குத் தூக்க மாத்திரை எதற்கு? உண்மையிலேயே ஊரில் தங்கையோ தம்பி மனைவியோ வைத்துக் கொள்ள இசைந்தால், ஒரு மாதம் அனுப்பிப் பார்க்கலாம். ஊர் வீட்டை முதலில் விற்றுவிட்டு அவ்வாறு பார்க்க முடியாது. திரும்ப மாற்றக்கூடிய வழியை முதலில் முயல்க. மாற்ற முடியாததைக் கடைசிக்கு ஒதுக்குக. அவருடைய சுதந்திரத்தை எவ்வளவு குறைவாகக் குறைக்க முடியுமோ அவ்வளவே குறைக்க.

அனுப்ப முடியாத குடும்பங்களும் உண்டு. ஊரில் ஒருவரும் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அவருடைய விருப்பம் எப்படியும் நிறைவேற வேண்டும் என்று நாம் கூறவில்லை. அது தராசில் ஏற வேண்டும் என்றே கூறுகிறோம்.

தராசைப் பிடிப்பவர் யாரையெல்லாம் கேட்க வேண்டும்? இங்கிலாந்துச் சட்டம் இதை விரித்துச் சொல்கிறது. அவர் முன்பு கூறிய விருப்பங்கள், அவருடைய நம்பிக்கைகள், அவரைப் பராமரிப்போரின் கருத்து ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டும் என்கிறது. நமது 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியின் பிரதிநிதிக்கு இதே போன்ற கடமையை விதித்து, வாழ்க்கை வரலாற்றையும் பண்பாட்டுப் பின்னணியையும் சேர்த்துக் கொள்கிறது. நம் குடும்பங்களில் மூத்த மகன் அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் தீர்ப்புச் சொல்வதும், தினமும் குளிப்பாட்டிச் சோறூட்டும் பணிப்பெண் வாய் திறவாமல் நிற்பதும் வழக்கம். அம்மா எந்தப் பக்கம் படுத்தால் முனகுகிறார், எந்தப் பெயரைக் கேட்டால் கண் மலர்கிறார் என்பது அப்பணிப்பெண்ணுக்கே தெரியும்.

அருகிலிருப்போர் அறிவார்கள் என்பதை நம் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் ஏற்றுக் கொண்டது. அருணா ஷான்பாக் கர்நாடகத்தின் ஹல்திப்பூரிலிருந்து மும்பைக்கு வந்து, கே.இ.எம். ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் பணியாற்றியவர். 1973 நவம்பரில் அங்கேயே பணியாளன் ஒருவனால் தாக்குண்டு மூளை சேதமுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்தி அமைதியாக இறக்கவிட வேண்டுமென்று எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். அவர் இரக்கத்தாலேயே கேட்டார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆஸ்பத்திரியின் நர்ஸுகளும் வைத்தியர்களும், அருணாவை நாங்கள் காப்பாற்றுகிறோம், அவர் வாழட்டும் என்றார்கள். தலைமுறை தலைமுறையாக அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, படுக்கைப்புண் வராமல் காத்தவர்கள் அவர்கள். அருணாவின் சார்பில் பேசத் தகுந்த நண்பர் அவர்களே என்று 2011 மார்ச்சில் நீதிமன்றம் தீர்த்தது. 2015 மே 18-ஆம் தேதி, தாக்குண்டு நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் சென்ற பின்பு, அவர் அதே ஆஸ்பத்திரியில் காலமானார். அவர் வாழ்ந்திருக்க வேண்டுமா என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அவருக்காகப் பேசும் உரிமை பராமரிப்பிலிருந்து பிறந்தது என்பதே இங்கு நாம் கவனிக்க வேண்டியது.

மற்றொரு வழக்கு சண்டிகரில் எழுந்தது. அரசாங்க இல்லமொன்றில் வளர்ந்த, பெற்றோரற்ற, அறிவு வளர்ச்சி சற்றே குறைந்த இளம்பெண் ஒருத்தி, அங்கே நேர்ந்த கொடுமையால் கருவுற்றாள். கருவைக் கலைப்பதே அவளுக்கு நலன் என்று அதிகாரிகள் கருதினர். உயர் நீதிமன்றமும் அவ்வாறே உத்தரவிட்டது. அப்பெண்ணோ குழந்தையைப் பெற விரும்புவதாகக் கூறினாள். 2009-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவை நிறுத்தியது. அவள் வயது வந்தவள். அவளுடைய குறைபாடு இலேசானது. அவள் சம்மதமின்றிச் சட்டம் இதற்கு இடந்தரவில்லை என்றது. நலன் என்னும்போது அந்த மனிதருடைய நலனையே பார்க்க வேண்டும், காப்பாளரின் நலனையோ சமூகத்தின் வசதியையோ அன்று என்றும் நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். குழந்தையை எப்படி வளர்ப்பாள் என்ற கேள்விக்கு, அவளுக்குத் துணை செய்யுங்கள் என்பதே விடையாயிற்று. அத்தகைய உதவிக்குத் தேசிய அறக்கட்டளை முன்வந்தது.

இனி, சொத்தின் பேச்சுக்கு வருவோம். இங்குதான் நம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். தகப்பனார் மும்பையில் இருக்கிறார்; கும்பகோணத்தில் வீடும் சிறிது நிலமும் உள்ளன. அவர் நல்ல நினைவோடு இருந்தபோதே மகன் பெயருக்குப் பவர் பத்திரம் எழுதிப் பதிவு செய்தாயிற்று. இனிக் கவலையில்லை என்று எண்ணுகிறார்கள். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, பத்திரம் எழுதிக் கொடுத்தவர் மனநிலை பிறழ்ந்தவுடன் அந்த அதிகாரம் முடிந்துவிடுகிறது. எந்த நாளுக்காக எழுதி வைத்தார்களோ அந்த நாளிலேயே அது செல்லாததாகிறது. இங்கிலாந்தில் இதற்கென நீடித்து நிற்கும் அதிகாரப் பத்திரம் ஒன்றைச் சட்டமாக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. இது நம் சட்டத்தில் உள்ள பெருங்குறை. நினைவற்றவரின் விரலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் ஒற்றியெடுத்தாலோ, அது ஒப்பந்தமே ஆகாது. கை நடுங்கிக் கையெழுத்திட இயலாதவரின் விரல்ரேகையை வங்கிகள் சாட்சிகளுடன் ஏற்றுக் கொள்வது வேறு விஷயம். அங்கே தளர்ந்தது கைதான், மனமன்று.

அப்படியாயின் வழி என்ன? 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொத்துக்குப் பாதுகாவலரை நியமிக்கும் ஏற்பாடு இருந்தது. புதிய சட்டம் வந்தபோது அது விடுபட்டுப் போயிற்று. ஆகவே உணர்வற்றுக் கிடப்போரின் குடும்பத்தார் உயர் நீதிமன்றங்களை நாட வேண்டியதாயிற்று. கேரள உயர் நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டில் இதற்கு நெறிமுறைகளை வகுத்தது. நரம்பியல் நிபுணர் அடங்கிய வைத்தியக் குழு பரிசோதிக்க வேண்டும்; வருவாய்த் துறை அதிகாரி நேரில் சென்று பார்க்க வேண்டும்; வாரிசுகளின் விவரத்தையும் சொத்துகளின் விவரத்தையும் மறைக்காமல் தர வேண்டும்; பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2024-இல் வந்த ஒரு வழக்கில், உணர்விழந்த கணவரின் சிகிச்சைச் செலவுக்காக அவருடைய சொத்தை விற்க மனைவி அனுமதி கோரினார். சிவில் கோர்ட்டுக்குப் போகும்படி முதலில் சொல்லப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்ய, இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அவரையே பாதுகாவலராக நியமித்து விற்பனைக்கும் அனுமதித்தது. ஆனால் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியை மட்டும் எடுத்துச் செலவிட வேண்டும் என்றது. அம்மனைவியின் மேல் சந்தேகப்பட்டு இவ்வாறு விதித்தார்கள் என்று நாம் கருத வேண்டியதில்லை. எவ்வளவு அன்புள்ளவரானாலும் பிறர் பணத்தைக் கையாளும்போது ஒரு வரம்பு வேண்டும் என்பதே அதன் கருத்து.

அறிவு வளர்ச்சிக் குறைவு, மூளை வாதம், ஆட்டிசம், பலவகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு மாத்திரம் எளிய வழியொன்று உண்டு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்தால் போதும். நியமிக்கப்பட்ட பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கையும் தர வேண்டும். துன்புறுத்தினாலோ புறக்கணித்தாலோ அவரை நீக்கலாம். மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் இதைச் செய்யாமல், தமக்குப் பின் யார் பார்ப்பார்களோ என்று ஏங்கிக் கொண்டே காலம் கழிக்கும் பெற்றோர் ஏராளம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வரையறுத்த பாதுகாவலர் என்ற முறையையும் தந்திருக்கிறது. அது குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட முடிவுக்கும் மட்டுமே உரியது. அதிலும் பாதுகாவலரும் அவரும் கலந்தே முடிவு செய்ய வேண்டும். அரிச்சுவடி போன்ற இந்தச் செய்தியைக்கூட மாவட்ட அலுவலகங்களில் பலமுறை கேட்டே பெற வேண்டியிருக்கிறது என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டும்.

நினைவு நன்றாக இருக்கும்போதே செய்து வைக்கத்தக்கவை இரண்டு உள்ளன. மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தமக்காகப் பேசும் பிரதிநிதி இன்னார் என்று ஒரு வெறுந்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்துவிடலாம். எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்றும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். பிரதிநிதி இரத்த உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகள் கடல் கடந்து இருக்க, அடுத்த வீட்டில் இருபது ஆண்டுகள் பழகிய சிநேகிதி இருந்தால் அவரையே குறிப்பிடலாம். மீளாத நோயில் உயிரை மட்டும் நீட்டிக்கும் கருவிகள் வேண்டாம் என்று எழுதி வைப்பது இரண்டாவது. 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட்டின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி ஒருவரும் போதும் என்றது. தமிழில் எழுதினால் இங்குள்ள வைத்தியருக்குப் படிக்கத் தெரியாதே என்று சிலர் தயங்குவர். ஆங்கிலத்தில் எழுதி, அதையே தமிழிலும் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். கையெழுத்திடுபவர் தாம் கையெழுத்திடுவது இன்னதென்று தம் மொழியில் படித்தறிய வேண்டும் அல்லவா? வங்கிப் புத்தகங்களுடன் பூட்டி வைத்துவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இரவில் அது எவர் கையிலும் இராது. பிரதிநிதியிடம் ஒரு பிரதியும், வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரிடம் ஒரு பிரதியும் இருக்கட்டும்.

மனுச் செய்ய வக்கீலை அமர்த்த வசதியில்லாதவர் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றியே இவ்வுதவி கிடைக்கும். மனநலம் பற்றிய ஆலோசனைக்கு 14416 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும் அங்கே தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.